சர்வர் டவுன் என்று சொல்லும் முன்

சரக்கு ஏறிவிட்டது, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது, டிரைவர் இரண்டாவது டீயையும் முடித்துவிட்டார். ஈ-வே பில் மட்டும் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட், திருமுல்லைவாயல், பூந்தமல்லி பக்கம் சிறு தொழிற்கூடம் நடத்தும் எவருக்கும் இந்த மாலை நேரம் பழக்கமானது.

1964-ல் எஸ்டேட் தொடங்கிய காலத்தில் வண்டியை வெளியே விட டெலிவரி சலானும் கேட் பாஸும் போதும். இன்று அந்த இடத்தில் பிரவுசர் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும். இது 2018 ஜூன் 2 முதல் நடைமுறை. வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரம் தாண்டினாலே வேண்டும். ஆண்டு டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸும் கட்டாயம். இவற்றோடு கார் கம்பெனிகளின் சப்ளையர் போர்ட்டல், உள்ளே ஓடும் டேலி அல்லது ஈஆர்பி, கோயம்புத்தூரிலோ புனேவிலோ இருக்கும் தலைமை அலுவலகத்து சர்வர் எல்லாம் உண்டு. இதில் எது நின்றாலும் டிஸ்பாட்ச்சிலிருந்து வரும் போன் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, சர்வர் டவுன்ணே."

"திரையில என்னம்மா வருது?"

"ஒண்ணும் வரல. சுத்திக்கிட்டே இருக்கு."

"சுத்தி முடிச்சதும் என்ன எழுதியிருந்துச்சு?"

"பாக்கலண்ணே. மூடிட்டேன்."

கையில் இருந்த ஒரே தடயம் அந்த மூடிய ஜன்னலோடு போய்விட்டது. அதனால் இந்த அத்தியாயத்தின் முதல் வேலை மிகச் சின்னது. பிழை வந்தால் மூடாதீர்கள், போனில் படம் எடுங்கள். முகவரிப் பட்டையும் கீழே ஓடும் கடிகாரமும் படத்தில் தெரியட்டும்.

திரையில் இருக்கும் அந்த ஒரு வரி

பிரவுசரில் முகவரியைத் தட்டியதும் வரிசையாகச் சில காரியங்கள் நடக்கின்றன. முதலில் பெயருக்குரிய ஐபி எண்ணை டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. பிறகு அந்த எண்ணில், குறிப்பிட்ட போர்ட்டில் இணைப்பு கேட்கிறது. கிடைத்தால் சான்றிதழைச் சரிபார்க்கிறது. அதன்பின்தான் நம் வேண்டுகோள் போகிறது. அதுவும் பெரும்பாலும் நேரே அப்ளிகேஷன் சர்வருக்குப் போகாது. முன்னால் நிற்கும் ப்ராக்ஸியோ லோடு பேலன்சரோ வாங்கி உள்ளே தள்ளும். அப்ளிகேஷன் சர்வர் டேட்டாபேஸைக் கேட்டுப் பதில் சொல்லும். எந்தப் படியில் நின்றதோ அந்தப் படிக்குரிய வாசகம்தான் திரையில் வரும்.

'என்எக்ஸ் டொமைன்' என்று முடியும் வாசகம் வந்தால் பெயரே கிடைக்கவில்லை என்று பொருள். கமாண்ட் ப்ராம்ட்டில் என்எஸ்லுக்கப் போட்டுப் பாருங்கள். பிறகு அதையே 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ்ஸைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் இன்டர்நெட் கம்பெனியின் டிஎன்எஸ்தான் சண்டித்தனம் செய்கிறது, ரவுட்டரில் மாற்றிவிடலாம். ஆனால் தலைமை அலுவலகத்தின் ஈஆர்பி பெயர் அவர்களுடைய உள் டிஎன்எஸ்ஸில் மட்டும் இருந்தால் 8.8.8.8-க்கு அது ஜென்மத்துக்கும் தெரியாது. நெட் வேகமாகட்டும் என்று யாரோ டிஎன்எஸ்ஸை மாற்றிவைத்துவிட்டு, மறுநாள் ஈஆர்பி வரவில்லை என்று தேடுவது எஸ்டேட்டில் அடிக்கடி நடக்கும் கூத்து.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பலர் பதறுகிறார்கள். எனக்கு அது நல்ல செய்தி. கதவைத் தட்டினோம், உள்ளிருந்து ஒருவர் "அவர் இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் தெருவும் சரி, வீடும் சரி. அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, கம்பி நன்றாக இருக்கிறது, அந்த போர்ட்டில் காத்திருக்க வேண்டிய சர்வீஸ் மட்டும் ஓடவில்லை. அரிதாக ஃபயர்வாலே இப்படி மறுக்கும். 'டைம்டு அவுட்' வேறு ரகம். கேள்வி எங்கேயோ விழுங்கப்பட்டது, பதிலே இல்லை. ஐபி மாறியிருக்கலாம், ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுத்திருக்கலாம், வழியில் கம்பி அறுந்திருக்கலாம். 'ரெஃப்யூஸ்டு' என்றால் சர்வர் கணினிக்குப் போங்கள். 'டைம்டு அவுட்' என்றால் வழியைத் தேடுங்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

'ரீசெட்' என்று வந்தால் பேச்சு தொடங்கி நடுவில் யாரோ துண்டித்திருக்கிறார்கள். ஆன்டிவைரஸின் வெப் ஷீல்டு, ஆபீஸ் ஃபயர்வால் இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள்.

திரையில் 500, 502, 503, 504 போன்ற எண் வந்துவிட்டால் உங்கள் நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண்ணை அனுப்பியது எதிர்ப்பக்கம். அங்கிருந்து பதில் உங்கள் மேசை வரை வந்திருக்கிறது. அப்போது பிராட்பேண்ட்காரரைக் கூப்பிட்டு ரவுட்டரை அணைத்துப் போடுவது வீண். 4-ல் தொடங்கும் எண் என்றால் கோளாறு பெரும்பாலும் நாம் கேட்ட விதத்தில்: 401 லாகின், 403 அனுமதி, 404 முகவரி, 413 ஃபைல் பெரிது.

"கேச்சை அழி" என்பதை முதல் யோசனையாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால்தான் குக்கியோ எக்ஸ்டென்ஷனோ காரணம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சேமித்துவைத்த லாகின்களும் போனபின் தலையில் கைவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி

நேரம் இல்லாதபோது ஒரே ஒரு சோதனை செய்யச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஆபீஸ் வைஃபையைத் துண்டித்து, போன் ஹாட்ஸ்பாட்டில் அதே கணினியை இணைத்து அதே பக்கத்தைத் திறங்கள். திறந்தால் கணினி சரி, சர்வர் சரி, ஆபீஸ் லைனில் கோளாறு. திறக்காவிட்டால் அதே முகவரியை அந்தப் போனிலேயே திறந்து பாருங்கள். போனில் வந்தால் கணினியில் கோளாறு. அதிலும் வராவிட்டால் சர்வர் பக்கம்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. 192.168 என்று தொடங்கும் முகவரி ஆபீஸுக்குள் மட்டும் உள்ளது, ஹாட்ஸ்பாட்டில் வராது. சில சப்ளையர் போர்ட்டல்கள் பதிவு செய்த ஐபியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். மாத வாடகையைக் குறைக்க ஸ்டேட்டிக் ஐபியை விட்டுச் சாதாரண திட்டத்துக்கு மாறிய கம்பெனி, மறுநாளே 403 வாங்கும். வெளிநாட்டு ஐபியைத் தடுக்கும் அரசுத் தளங்களும் உண்டு. எவரோ போட்டுவைத்த இலவச விபிஎன் சிங்கப்பூர் வழியாகப் போனால் அந்தத் தளம் திறக்காது.

கொஞ்சம் பழகியவர்கள் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு சர்வர் முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்துப் பாருங்கள். போர்ட் திறந்திருக்கிறதா என்று ட்ரூ, ஃபால்ஸ் என்று நேராகச் சொல்லிவிடும். பிங் வரவில்லை என்பதை மட்டும் வைத்து சர்வர் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்லாதபடி வைத்திருக்கும் சர்வர்கள் ஏராளம்.

சர்வர் அடுத்த அறையில் இருந்தால்

எஸ்டேட்டின் பெரும்பாலான தொல்லை இங்கேதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கணினி, அதன் மேல் 'ஆஃப் செய்யாதே' என்ற காகிதம், அதில் ஈஆர்பி. கரண்ட் போய் வந்தபின் யாருக்கும் திறக்கவில்லை.

முதலில் அந்தக் கணினியின் ஐபியைப் பாருங்கள். நேற்றுவரை 192.168.1.10 ஆக இருந்தது, ரவுட்டர் திரும்ப எழுந்தபோது 192.168.1.14 கொடுத்திருக்கும். எல்லோருடைய புக்மார்க்கும் பழைய எண்ணிலேயே நிற்கும். ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டால் இது திரும்ப வராது.

ஐபி சரி என்றால் சர்வர் கணினியிலேயே பிரவுசரைத் திறந்து பாருங்கள். அங்கும் வரவில்லை என்றால் சர்வீஸ் எழவில்லை. கணினி எழுந்தபோது டேட்டாபேஸ் தயாராகும் முன்பே டாம்கேட் போன்ற அப்ளிகேஷன் சர்வர் கிளம்பி, டேட்டாபேஸைக் காணாமல் விழுந்திருக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் டேட்டாபேஸ் ஓடுவதை உறுதி செய்துவிட்டு அப்ளிகேஷன் சர்வரை மறுபடி தொடங்குங்கள். வரிசை முக்கியம்.

சர்வரில் வருகிறது, மற்ற கணினிகளில் வரவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, நெட்ஸ்டாட் கட்டளையில் அந்த போர்ட் 127.0.0.1:8080 என்று காட்டினால், சர்வர் தன்னோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது, 0.0.0.0:8080 என்று இருந்தால் வெளியிலிருந்து வருபவர்களுக்கும் பதில் சொல்லும். இன்னொன்று விண்டோஸ் ஃபயர்வால். பிராட்பேண்ட்காரர் ரவுட்டரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன நாளில் இது வரும். விண்டோஸ் புது நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று கருதி, முன்பு 'பிரைவேட்' நெட்வொர்க்கில் திறந்திருந்த போர்ட்டுகளை மூடிவிடும். நெட்வொர்க் செட்டிங்கில் பிரைவேட் என்று மாற்றினால் போதும். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிட்டு "சரியாயிடுச்சு சார்" என்று கிளம்பும் டெக்னீஷியனை வாசலிலேயே நிறுத்துங்கள்.

விபிஎன் இணைந்தது, சர்வர் கிடைக்கவில்லை

ஆவடியில் கிளை, வேறு ஊரில் தலைமை அலுவலகம். விபிஎன் பச்சை விளக்கு காட்டுகிறது, சர்வர் மட்டும் டைம்டு அவுட். இரண்டு பக்கமும் 192.168.1 வரிசையையே பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும். 192.168.1.10-ஐக் கேட்டால் உங்கள் கணினி அதை ஆவடி ஆபீஸுக்குள்ளேயே தேடும். தலைமை அலுவலகம் வரை கேள்வி போகவே போகாது. கிளையின் ரவுட்டரை 192.168.37 போன்ற யாரும் தொடாத வரிசைக்கு மாற்றுங்கள்.

இதைவிட நழுவலான கோளாறு ஒன்று உண்டு. லாகின் பக்கம் வருகிறது, சின்னப் பக்கங்கள் வருகின்றன, பெரிய ரிப்போர்ட் திறந்தால் உறைந்து நிற்கிறது. இது எம்டியூ பிரச்சினை. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகும். பிபிபிஓஇ வழியாக வரும் பிராட்பேண்டில் 1492 தான். விபிஎன் தன் உறையையும் சேர்த்துக்கொள்வதால் இடம் இன்னும் சுருங்குகிறது. வழியில் இருக்கும் ஏதோ ஒரு ஃபயர்வால் 'பாக்கெட் பெரிது' என்ற எச்சரிக்கையையும் தடுத்துவிட்டால், பெரிய பாக்கெட்டுகள் காணாமல் போகும், அனுப்பியவருக்குக் காரணம் தெரியாது. பிங் கட்டளையில் உடைக்காதே என்ற எஃப் குறியும் அளவுக்கான எல் குறியும் சேர்த்து 1472 கொடுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் 1464, பிறகு 1400, 1350 என்று இறக்குங்கள். போகும் அளவோடு 28 கூட்டினால் வருவது உங்கள் எம்டியூ. அதை விபிஎன் செட்டிங்கில் போடச் சொல்லுங்கள்.

தேதி

தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற நாணய பேட்டரி இருக்கிறது. அது செத்துப்போனால் கரண்ட் போகும்போதெல்லாம் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் எந்தத் தளத்தின் சான்றிதழும் இன்னும் பிறந்திருக்காது. பிரவுசர் எல்லாப் பாதுகாப்பான தளங்களையும் மறுக்கும். 'யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்' என்று குரோம் வெளிப்படையாகவே சொல்லும், நாம்தான் படிப்பதில்லை. பேட்டரியின் விலை சில பத்து ரூபாய்.

போனின் நேரமும் முக்கியம். ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களில் ஓடிபியோடு நுழைவது 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயம். எஸ்எம்எஸ் வராத இடத்தில் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு ஆப் நெட் இல்லாமலே ஓடிபி கொடுக்கும். முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண், போன் கடிகாரம் விலகியிருந்தால் ஏற்கப்படாது. நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள்.

தேதி சரியாக இருந்தும் சான்றிதழ்ப் பிழை வந்தால் கணினியின் வயதைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வைத்திருந்த தளங்கள் பல பழைய கருவிகளில் ஒரே நாளில் திறக்காமல் போயின. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-க்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை. எடைமேடையோடு இணைத்த கணினி, மெஷின் புரோகிராம் ஓடுவதற்காகவே வைத்திருக்கும் விண்டோஸ் 7 கணினி, இவற்றில் ஈ-வே பில் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

502 என்றால் முன்னால் நிற்கும் ப்ராக்ஸிக்கு அப்ளிகேஷனிடமிருந்து ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. 503 என்றால் கிடைக்கும் நிலையில் யாரும் இல்லை. 504 என்றால் காத்திருந்து அலுத்துவிட்டது. என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி இயல்பாக 60 வினாடி காத்திருக்கும். மாதக் கடைசியில் ஸ்டாக் ரிப்போர்ட் சரியாக ஒரு நிமிடத்தில் அறுந்தால் காரணம் அதுதான். காத்திருப்பை 300 ஆக்கலாம். அதைவிட அந்த ரிப்போர்ட்டின் டேட்டாபேஸ் கேள்வியைச் சரிசெய்வது நல்லது. டாம்கேட்டில் இயல்பாக 200 த்ரெட்டுகள், எல்லாவற்றையும் மெதுவான ரிப்போர்ட்டுகள் பிடித்துக்கொண்டால் லாகின் பக்கம்கூட வராது.

எப்போதாவது ஒருமுறை 502 வந்து, ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறதா? லாகில் தேடிச் சலித்துப்போகும் முன் கீப்-அலைவ் நேரங்களை ஒப்பிடுங்கள். ப்ராக்ஸி திறந்த இணைப்பை 60 வினாடி வைத்திருக்கிறது, பின்னால் இருக்கும் நோட்.ஜேஎஸ் சர்வர் இயல்பாக 5 வினாடியில் மூடிவிடுகிறது. மூடும் அதே கணத்தில் ப்ராக்ஸி அதில் வேண்டுகோளை அனுப்பினால் 502. பின்னால் இருப்பதன் நேரம் முன்னால் இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

மறுபடி அழுத்தும் முன்

சப்மிட் அழுத்தியபின் அறுந்த இணைப்பு ஆபத்தானது. நம் கேள்வி போகவே இல்லையா, போய் வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா என்பது பிரவுசருக்குத் தெரியாது. ஈ-இன்வாய்ஸில் அதே பில்லை மறுபடி அனுப்பினால் 2150 என்ற எண்ணோடு 'டூப்ளிகேட் ஐஆர்என்' என்று வரும். அது தோல்வி இல்லை. முதல் முறையே பதிவாகிவிட்டது, ஐஆர்என் என்ற அந்தப் பதிவு எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். பதற்றத்தில் பில் எண்ணை மாற்றி அனுப்பினால்தான் ஒரே சரக்குக்கு இரண்டு பில் நிற்கும். ரத்து செய்ய 24 மணி நேரம் உண்டு, ஆனால் ரத்தான எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. முதலில் அன்றைய பட்டியலைத் திறந்து பாருங்கள்.

ஈ-வே பில் தளம் நிஜமாகவே படுத்துவிட்டால் 2024 ஜூன் 1-ல் தொடங்கிய இரண்டாவது தளம் இருக்கிறது. அதே லாகின்தான், இரண்டும் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. முகவரியை இன்றே புக்மார்க் செய்துவையுங்கள்.

வெளிக் கம்பி

ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. எஸ்டேட் சாலைகளில் கம்பம் கம்பமாகத் தொங்கும் கேபிளை உயரமான கன்டெய்னர் இழுத்துக்கொண்டு போவதும், கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி பைபாஸ் வரை வரும் மெட்ரோ பாதை போன்ற வேலைகளுக்குத் தோண்டும்போது தரைக்கடியில் இருப்பது அறுவதும் நடக்கும். இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் வருகிறதென்றால் அது ஒரு லைன்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, தரைமட்டத்தில் வைத்த ஸ்விட்ச்சும் யூபிஎஸ்ஸும் என்ன ஆகும் என்று தெரிந்தது. சுவரில் தலைக்கு மேல் மாட்டுங்கள். ஓஎன்டியையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள்; கணினிகளை மட்டும் சேர்த்துவிட்டு இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

அம்பத்தூரிலேயே என்டிடி போன்றவற்றின் பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. உங்கள் கிளவுட் சர்வர் இரண்டு கிலோமீட்டரில் இருக்கலாம். ஆனால் உங்கள் பிராட்பேண்ட் நிறுவனமும் அவர்களும் சென்னையில் கைகோக்காவிட்டால் பாக்கெட் மும்பை போய்த் திரும்பி வரும். ட்ரேஸ்ரூட்டில் ஊருக்குள் ஓரிலக்க மில்லிசெகண்டில் வர வேண்டியது ஐம்பதைத் தொட்டால் அதைப் படமெடுத்து நிறுவனத்திடம் கேளுங்கள்.

புகார் எழுதும்போது

'காலையிலிருந்து நெட் சரியில்லை' என்ற புகாருக்கு 'இப்போது சரியாக இருக்கிறதே' என்ற பதில்தான் வரும். நேரம், திரை வாசகம், உங்கள் வெளி ஐபி, ஹாட்ஸ்பாட்டில் வந்ததா, எத்தனை கணினியில் இப்படி, என்எஸ்லுக்கப்பும் ட்ரேஸ்ரூட்டும் காட்டியது என்ன என்று நான்கைந்து வரி எழுதுங்கள். மூன்றாம் நபரிடம் சுற்றிவிடாமல் நேரே பொறியாளரிடம் போகும் புகார் இதுதான்.

சாஃப்ட்வேர் விற்றவர் எச்ஏஆர் ஃபைல் கேட்கலாம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பிழையை மறுபடி வரவைத்து, சேமித்தால் வரும் பதிவு அது. எந்த வேண்டுகோள் எத்தனை நேரம் எடுத்தது என்று முழுதும் இருக்கும், நீங்கள் லாகின் ஆன நிலையின் குக்கியும் இருக்கலாம். 2023 அக்டோபரில் அமெரிக்காவின் ஆக்டா நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குள் நுழைந்தவர்கள் இப்படி அனுப்பப்பட்டிருந்த எச்ஏஆர் ஃபைல்களிலிருந்துதான் சாவிகளை எடுத்தார்கள். சேமிக்கும்போது ரகசியத் தகவல் நீக்கிய வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். அனுப்பியபின் அந்தத் தளத்தில் லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, மறுபடி நுழையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் அந்த ஃபைலைப் போடாதீர்கள்.